பீடத் துணி துவைப்பது ஜெபமாகுமா?

யாங்கோன் மல்லி:
இயேசுவுக்கே புகழ்! எங்கள் பங்குக் கோயிலில் பீடத் துணி துவைக்கும் பொறுப்பு இப்போது என்னிடம். திருமேனித் துகில் (பூசையில் அப்பமும் கிண்ணமும் வைக்கப் பீடத்தில் விரிக்கும் சதுரத் துணி), பூசைக் கிண்ணம் துடைக்கும் துணி, சாமியார் கை துடைக்கும் துணி எல்லாம் ஒரே மூட்டையாக வருகின்றன. மழைக்காலத்தில் கரும்புள்ளி விழுகிறது, வெள்ளை மஞ்சளாகிறது. முறையாக எப்படித் துவைப்பது? இன்னொன்று, பாடகர் குழுவுக்குக் கைதட்டல் கிடைக்கிறது, இதை யாரும் கண்டுகொள்வதில்லை. "ஆண்டவருக்காகச் செய்" என்கிறார்கள். சோப்பு நுரையில் கைவைத்துக்கொண்டு அதை எப்படி நினைப்பது?

கோயில்பிள்ளை:
தங்கச்சி, முதலில் மூட்டையைப் பிரியுங்கள். கை துடைக்கும் துணி சாதாரணத் துணிதான், தனியாகப் போடுங்கள். மற்ற இரண்டிலும், கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் என்று நாம் நம்பும் நற்கருணை அப்பத் துகளோ திராட்சை இரசத் துளியோ இருக்கலாம். அவற்றை இதற்கென்றே வைத்த பாத்திரத்தில், துணி முழுகும் அளவு பச்சைத் தண்ணீரில் கையால் அலசுங்கள். சோப்பு வேண்டாம். அந்த முதல் நீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. சக்ரீஸ்தில் (பூசைப் பொருட்கள் வைக்கும் அறையில்) அதற்கான தொட்டி இருந்தால் அதில், இல்லையென்றால் யாரும் மிதிக்காத செடியடி மண்ணில் ஊற்றுங்கள். வத்திக்கான் 2004இல் வெளியிட்ட 'ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும்' ஏட்டின் 120ஆம் எண் இதைத்தான் பாராட்டுகிறது. அதற்குப் பிறகு வழக்கம்போலத் துவைக்கலாம்.

சிவப்பு இரசக் கறை மேல் நேராகச் சோப்பு போட்டால் நீலம் பூக்கும், காரத்தில் அந்த நிறம் மாறும். குளிர்ந்த நீரில் கறை போன பிறகுதான் சோப்பும் இஸ்திரியும்.

மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் குழாய்க்கிணற்று நீரின் இரும்பு. அதில் பிளீச்சிங் பவுடர் போட்டால் துரு துணியிலேயே படிந்துவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வையுங்கள், பிறகு நன்றாக அலசுங்கள். புளிப்பு தங்கினால் நூல் நைந்துவிடும்.

கரும்புள்ளி பூஞ்சை. அரை ஈரத்தில் மடித்தால் வரும். கரண்ட் இல்லாத நாளில் கரி இஸ்திரிப்பெட்டி போடுவதானால் முதலில் பழந்துணியில் ஓட்டிப் பாருங்கள், சாம்பல் விழும். நன்றாக வெளுக்க வேண்டிய உருப்படிகளைப் பிப்ரவரிக்கு ஒதுக்குங்கள். நம் மியான்மரின் ஞாவுங்லேபின் ஊர் மாதா திருவிழாக் காலம், மழை இருக்காது.

கஞ்சி திருமேனித் துகிலுக்கு மட்டும், லேசாக. கிண்ணத் துணிக்குப் போட்டால் ஈரம் உறிஞ்சாது. திருமேனித் துகிலை நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று, ஒன்பது கட்டமாக, பீடத்தில் மேலே இருக்கும் பக்கம் உள்ளே வரும்படி மடியுங்கள். துகள் சிந்தாதிருக்கத்தான் அந்த மடிப்பு.

மடத்துச் சமையல்:
அக்கா, நினைப்பதற்கென்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். முதல் நீரை மண்ணில் ஊற்றும்போதே விசுவாச அறிக்கை முடிந்துவிட்டது, வாயால் சொல்லாவிட்டாலும். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடச் சட்டத்தைப் பாருங்கள். மடத்துப் பாத்திரம் அத்தனையையும் பீடத்துப் பாத்திரமாகவே பார்க்கச் சொல்கிறது 31ஆம் அதிகாரம். 35இல் இன்னும் நுணுக்கம்: சமையல் முறை முடிப்பவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, கைகால் துடைத்த துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக, சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். முடிப்பவரும் தொடங்குபவரும் சேர்ந்து எல்லாருடைய பாதத்தையும் கழுவ வேண்டும். ஜெப நேரத்தை விவரிக்கும் அதே சட்டத்தில்தான் துண்டு துவைப்பதும். வீட்டுச் சட்டிக்கும் இது பொருந்தும்.

பாண்டுவட்டம்:
சரிதான், ஆனால் "ஆண்டவருக்காக" என்ற வசனத்தை முழுதாக வாசியுங்கள். விவிலியத்தில் பவுல் எழுதிய கொலோசையர் 3:23 அது, அடிமைகளுக்குச் சொன்னது. 4:1இல் எஜமானர்களைப் பிடித்துக்கொள்கிறார்: நீதியாக நடத்துங்கள், உங்களுக்கும் மேலே ஒருவர் உண்டு என்று. முதல் பாதியை மட்டும் பெண்களிடம் சொல்லி, இரண்டாவதைப் பங்குப் பேரவை மறந்துவிடுவது வசதியான பக்தி! மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பர் திருவிழாவாகப் போப் பன்னிரண்டாம் பயஸ் 1955இல் வைத்ததும் தொழிலாளர் தினத்தில்தான். சோப்பு, கரிச் செலவைப் பங்குக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். நான்கு பேர், ஆண்களும் உட்பட, வாரமுறை போடட்டும்.

யாங்கோன் மல்லி:
முறைப் பட்டியலை ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்கிறேன். பீட விரிப்பில் மெழுகு சொட்டியிருக்கிறது, அதற்கு?

கோயில்பிள்ளை:
கத்தி முனையால் சுரண்டாதீர்கள், நூல் அறும். ஐஸ் வைத்து உடையச் செய்து எடுங்கள். மிச்சத்துக்கு மேலும் கீழும் மை இல்லாத பழுப்புத்தாள் வைத்து மிதமான இஸ்திரி ஓட்டுங்கள், தாள் எண்ணெய் பிடித்ததும் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஏறும்.