வயலின் வில் உடைந்துவிட்டது: எந்தப் பசை தாங்கும்?

நாலாம்தந்தி:
மகளின் வயலின் வில் நேற்றிரவு உடைந்துவிட்டது. அடுத்த வாரம் அவளுக்கு இசைத் தேர்வு இருப்பதால் அவசரமாகக் கேட்கிறேன். எந்தப் பசையால் ஒட்டினால் தாங்கும்?

தச்சுப்பட்டறை:
எங்கே உடைந்தது என்று சொல்லாமல் பசையைக் கேட்டால் என்ன சொல்வது? நடுத்தண்டிலா, நுனியிலுள்ள தலையிலா, கையால் பிடிக்கும் ஃபிராக் பக்கத்திலா? நடுத்தண்டு என்றால், வாசிக்கும்போதெல்லாம் வளைந்து நிமிர வேண்டிய இடம் அது என்பதால், எந்த ஒட்டும் நெடுநாள் நிற்காது. படம் எடுத்துப் போடுங்கள்.

கடல்காற்று:
வாசித்து முடித்தபின் முடியை முறுக்கும் திருகைத் தளர்த்தாமல் ஏ.சி. அறையில் வைத்திருப்பீர்கள். குதிரை முடி ஈரக்காற்றில் நீளும், உலர்ந்தால் சுருங்கும். மாலைப் புழுக்கத்தில் முறுக்கிய வில்லை அப்படியே ஏ.சி.யில் விட்டால், சுருங்குகிற முடி இரவெல்லாம் தலையை இழுத்துக்கொண்டே இருக்கும். உடைந்ததற்கு என் கணிப்பு இதுதான்.

பழையவில்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதுவது? தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. உயர்தர வில்லுக்கான பெர்னாம்புகோ மரமா, சாதாரண பிரேசில் மரமா, கார்பன் நாரா என்று நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வயலின் பெட்டியோடு வந்த வில் என்றால் செப்பனிடும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

நாலாம்தந்தி:
தலையில்தான் உடைந்தது. தண்டும் தலையும் சேரும் கழுத்தில் சாய்வாக விண்டுபோயிருக்கிறது. மரம் எதுவென்று தெரியாது. அவளுடைய ஆசிரியர் தாம் வாசித்த வில்லைக் கொடுத்திருந்தார், அதனால் தூக்கிப் போட மனமில்லை. என் அண்ணன் ஃபெவிக்விக் வைத்து ஒட்டினார். முடியை முறுக்கியதும் விட்டுவிட்டது.

தச்சுப்பட்டறை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மரத்தின் ரேகை தண்டின் நீளவாக்கில் ஓடுகிறது. தலையோ அதற்குக் குறுக்கே கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே ரேகை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், முடியின் இழுப்பு முழுவதும் விழுவதும் அவ்விடத்தில்தான். ஆகவே பசை மட்டும் போதாது. முதலில் முடியை வெட்டி, தலையின் குழியில் முடியை இறுக்கிப் பிடிக்கும் சிற்றாப்பைக் கழற்ற வேண்டும். காய்ந்த பசை மரத்தின் நுண்துளைகளை அடைத்திருக்கும்; அதை நார் சிதையாமல் நீக்கினால்தான் வேறு பசை உள்ளே இறங்கும். பிறகு எபாக்சி என்ற இருகலவைப் பசையால் இணைத்து, நன்றாக இறுகியதும், தலையின் முதுகுப்பக்கம் நடுவே விரிசலைக் கடந்து போகும்படி மெல்லிய காடி வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே ரேகை ஓடும் ஒரு மரத்தகட்டைச் செருகி ஒட்டி, இழைத்துச் சமன் செய்வார்கள். நூல் பிசகினாலும் தலை பிளந்துவிடும் என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

கடல்காற்று:
மரத்தகடு எதற்கு? கார்பன் தகடு இன்னும் உறுதியாக நிற்கும். மாணவிக்கு முழுக் கார்பன் வில்லே போதும். ஈரப்பதம் தண்டை ஒன்றும் செய்யாது.

பழையவில்:
கார்பன் வில்லில் வாசித்துவிட்டு மர வில்லைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெர்னாம்புகோ மரம் 2007-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து நல்ல வில் கிடைப்பதே அரிதாகி வருகிறது; உள்ளதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

கடல்காற்று:
புதிதே வாங்கலாம் என்று மேலே எழுதியவர் தாங்கள்தானே? அது பெர்னாம்புகோ என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பழையவில்:
பெட்டியோடு வந்த வில்லைப் பற்றி எழுதினேன். நிறுத்திப் படிக்கவும்.

தச்சுப்பட்டறை:
இருவரும் சற்றுப் பொறுங்கள். தலை ஒட்டிய வில்லின் விற்பனை மதிப்பு பெரிதும் விழுந்துவிடும் என்பது உண்மை; ஆனால் இவர்கள் விற்கப் போவதில்லை, வாசிக்கப் போகிறார்கள். வேலை சரியாக அமைந்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

நாலாம்தந்தி:
வயலின் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தாயிற்று. தகடு செருகிப் புது முடியும் கட்டித் தருவதாகச் சொன்னார். மரத்தகடா கார்பனா என்று கேட்கவில்லை. தேர்வுக்கு இரவல் வில் கிடைத்தது. அனைவருக்கும் நன்றி.

கடல்காற்று:
கூலி எவ்வளவு சொன்னார்?

தச்சுப்பட்டறை:
விரிசலின் படத்தையும் இயன்றால் போடுங்கள்.