ஹோம்ஸ் கவுண்டி ஆமிஷ் பகுதியில் மிதிவண்டிப் பயணம்: வழிகாட்டல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டியிலிருந்து கிளீவ்லாந்து வரை ஏறத்தாழ 525 கிலோமீட்டர் நீளும் ‘ஒஹாயோ டு ஈரி’ தடத்தை வரும் செப்டம்பரில் எட்டு நாட்களில் மிதிவண்டியில் கடக்க எண்ணியுள்ளேன். அதில், கார் ஓட்டாமல் குதிரை வண்டியில் செல்லும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் செறிந்து வாழும் ஹோம்ஸ் கவுண்டிப் பகுதியைப் பற்றித்தான் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

என் கணக்குப்படி அப்பகுதியிலுள்ள மில்லர்ஸ்பர்க் ஊரை ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று அடைவேன். ஆமிஷ் குடும்பங்கள் நடத்தும் கடைகள் அன்று திறப்பதில்லை என்பதால், அங்கிருந்து பிரெடரிக்ஸ்பர்க் வரை குடிநீரும் உணவும் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இன்னொன்று, குதிரைகள். ஹோம்ஸ் கவுண்டிப் பகுதித் தடத்தில் குதிரை வண்டிகளுக்கெனத் தனிப் பட்டை உண்டு என்றாலும், சென்ற ஆண்டு அங்கே அரை நாள் ஓட்டியபோது, முன்னே சென்ற வண்டியைத் தாண்டுவதற்காக நான் மணியடித்ததும் பக்கப் பார்வையை மறைக்கும் கண்பட்டை கட்டிய குதிரை மிரண்டு ஒதுங்கியது. கடிவாளத்தைப் பிடித்திருந்த சிறுவன்தான் அதை அடக்கினான். தவறு என்னுடையதே. மணிக்குப் பதிலாகக் குரல் கொடுப்பது நல்லதா, எவ்வளவு தூரத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதை, குதிரைகளோடு பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.