வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன், மறைத்துதான் வைத்திருந்தேன்

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் படத்தை வட்டமாக வெட்டிய அனுபவம் எனக்கு உண்டு, அதில் ஒரு பெரிய தவறும் செய்திருக்கிறேன்.

ஒரு மனையின் ஸ்கேன் செய்த அளவைப்படத்தை, தாளின் மூலையில் 40 மி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் காட்ட வேண்டியிருந்தது. படத்தை வெட்டும் கட்டளையான இமேஜ்கிளிப் கொடுத்து வட்டத்தைத் தொட்டால் ஏற்கவே இல்லை, ஏனென்றால் படத்துக்கான எல்லை நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன பாலிலைனாக (ஒரே தொடர்கோடாக) இருக்க வேண்டும். சரி என்று அதே ஆரத்தில் 16 பக்கப் பாலிகான் (பலகோணம்) போட்டேன், வட்டக் கோட்டுக்கும் படத்துக்கும் நடுவே முக்கால் மில்லிமீட்டர் வெள்ளையாகத் தெரிந்தது, பார்க்கவே அசிங்கம். 120 பக்கம் போட்டதும் அந்த இடைவெளி 0.014 மி.மீ. ஆகிவிட்டது, அச்சில் யாருக்கும் தெரியாது. பாலிகான் கட்டளை 1024 பக்கம் வரை தரும், ஆனால் அவ்வளவு தேவையே இல்லை. அப்புறம் படத்தின் சட்டத்துக்கான அமைப்பான இமேஜ்ஃப்ரேமை 2 என்று வைத்துவிடுங்கள், சட்டம் திரையில் தெரியும், அச்சில் வராது. உண்மையான வளைவுதான் வேண்டும் என்றால் லேஅவுட்டில் (அச்சுக்கான தாள் பக்கத்தில்) ஒரு வட்டம் வரைந்து எம்வியூ கட்டளையின் ஆப்ஜெக்ட் என்ற தேர்வு வழியாக அதையே வியூபோர்ட்டாக, அதாவது வரைபடத்தைக் காட்டும் சாளரமாக மாற்றி, படத்தை அதன் வழியே காட்டலாம். எனக்கு இப்போதெல்லாம் அதுதான் பிடித்த வழி.

தவறு நடந்தது இதற்குப் பிறகு. அந்த ஸ்கேனின் வலது ஓரத்தில் எங்கள் மூத்தவர் பென்சிலில் வேறொரு வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், பேசிய தொகை எல்லாம் எழுதி வைத்திருந்தார். வட்டத்துக்கு வெளியே போய்விட்டதால் அது ஒழிந்தது என்றே இருந்துவிட்டேன். படம் வெளியிணைப்பு, அதாவது வரைபடத்துக்குள் சேராமல் தனிக் கோப்பாகவே இருக்கும் என்பதால் வரைபடத்தோடு ஸ்கேன் கோப்பையும் சேர்த்து கட்டமைப்புப் பொறியாளருக்கு அனுப்பினேன். அவர் வடக்குக் குறி எங்கே என்று பார்க்க இமேஜ்கிளிப்பில் ஆஃப் கொடுத்திருக்கிறார், முழுப் படமும் விரிந்துவிட்டது. "தம்பி, இந்த ஓரத்துல ஒரு நம்பர் இருக்கே, அதுக்கா கூப்பிடணும்?" என்று போன் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. கிளிப் எதையும் அழிப்பதில்லை, எல்லைக்கு வெளியே இருப்பதைக் காட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான். அவர் ஆஃப் கொடுக்காமல் அந்த ஸ்கேன் கோப்பை நேராகத் திறந்திருந்தாலும் எல்லாமே தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து வெளியே போகும் எந்தப் படத்தையும் முதலில் படத் திருத்தி மென்பொருளில் தேவையான அளவுக்குச் செவ்வகமாக வெட்டி, புதுப் பெயரில் சேமித்து, அந்தக் கோப்பைத்தான் இணைக்கிறேன். இதை அளவு பொருத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், பிறகு மாற்றினால் இடமும் அளவும் தவறி, பொருத்தும் கட்டளையான அலைனில் மறுபடி இரண்டு புள்ளி பிடித்து உட்கார வேண்டியிருக்கும்.

பொறியாளர் நல்ல மனிதர், சொன்ன உடனே கோப்பை அழித்துவிட்டார். அந்த வாடிக்கையாளரிடம் மறுநாள் நானே பேசி நடந்ததைச் சொன்னேன்.