வெள்ளை ரோஜா துண்டறிக்கைகள்: இத்தனை ஆயிரம் பிரதிகளை எப்படி அச்சிட்டு அனுப்பினார்கள்?

கேள்வி

ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து வெள்ளை ரோஜா குழு ரகசியமாக வெளியிட்ட துண்டறிக்கைகளில், 1942 கோடையில் வந்த முதல் நான்கும் நூறு நூறு பிரதிதான். 1943 ஜனவரியில் வந்த ஐந்தாவது மட்டும் 6,000-க்கும் மேல். அச்சகம் இல்லாத ஒரு சிறு ம்யூனிக் மாணவர் குழுவுக்கு இது எப்படி முடிந்தது? ஒரே ஊரிலிருந்து அத்தனை கடிதம் போனால் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ மோப்பம் பிடித்திருக்காதா?

பதில் 1

எல்லாம் சைக்ளோஸ்டைல்தான். தட்டச்சுப்பொறியின் நாடாவை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் எழுத்தை நேராக அடிக்க வேண்டும். அடி லேசாக விழுந்தால் மெழுகு விலகாது, எழுத்து மங்கும். ஓங்கி விழுந்தால் வட்ட எழுத்தின் நடுப்பகுதி அறுந்துபோய்க் கறுப்புப் பொட்டாக அச்சாகும். பிரதிகள் ஓட ஓட ஸ்டென்சில் இழுபட்டுக் கிழியும். பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கில் போட இரவிரவாக உட்கார வேண்டும். தாளை மொத்தமாக வாங்கினால் சந்தேகம் வரும் என்பதால் பல கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள்.

பதில் 2

தபால் பக்கத்தைச் சொல்கிறேன். முகவரிகளை டாய்ச்சஸ் மியூசியத்தில் இருந்த தொலைபேசிப் புத்தகங்களைப் பார்த்து எழுதினார்கள். உள்ளூர்க் கடிதத்துக்கு 8 பெனிக் (ஜெர்மன் காசு) தபால்தலை, வெளியூருக்கு 12. அதனால் கடிதங்களை அந்தந்த ஊருக்கே ரயிலில் கொண்டுபோய்ப் போட்டால் செலவும் குறையும், ம்யூனிக் முத்திரையும் விழாது. குழுவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷ்மோரெல் சால்ஸ்பர்க், லின்ஸ், வியன்னா போனார்; சோஃபி ஷோல் ஆக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட் பக்கம். பெட்டியை ஒரு கம்பார்ட்மெண்டில் வைத்துவிட்டு வேறொன்றில் உட்காருவார்கள். சோதனையில் அகப்பட்டாலும் யாருடையது என்று தெரியாது.

பதில் 3

மேலே சொன்னது சரி, ஆனால் அந்தப் பாதுகாப்பு நீடிக்கவில்லை. உறையும் தபால்தலையும் பற்றாமல் போக, ஜனவரி 28 இரவு மிச்சப் பிரதிகளை ம்யூனிக் தெருக்களிலேயே போட்டார்கள். கெஸ்டபோவின் கவனம் ம்யூனிக் மேல் குவிந்தது அதற்குப் பிறகுதான். ஸ்டாலின்கிராடில் ஜெர்மனி தோற்ற பின் பேராசிரியர் கர்ட் ஹூபர் எழுதிய ஆறாவது அறிக்கை மாணவர்களையே விளித்தது. தேட வேண்டிய வட்டம் இன்னும் சுருங்கியது.

பிப்ரவரி 18 அன்று சோஃபியும் அவர் அண்ணன் ஹான்ஸும் பல்கலைக்கழக வகுப்பறை வாசல்களில் கட்டுக்கட்டாக வைத்தார்கள். மிச்சத்தை மேல்மாடத்திலிருந்து கீழே தள்ளியதைக் காவலாளி பார்த்துவிட்டார்.

கேள்வி கேட்டவர்

நன்றி. குழுவில் இருந்த கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் அன்று அங்கே இல்லையே, அவர் எப்படி மாட்டினார்?

பதில் 3

அடுத்த அறிக்கைக்கு அவர் கைப்பட எழுதிய வரைவு ஹான்ஸின் சட்டைப்பையில் இருந்தது. என் பார்வையில் அவர்கள் செய்த பெரிய பிழை அதுதான். ஹான்ஸ் அதைக் கிழித்தும் பயனில்லை. கெஸ்டபோவினர் துண்டுகளை ஒட்டி, ஹான்ஸின் அறையில் கிடைத்த கடிதங்களின் கையெழுத்தோடு ஒப்பிட்டார்கள். பிப்ரவரி 22 அன்று நீதிபதி ஃப்ரைஸ்லர் ஹான்ஸ், சோஃபி, ப்ரோப்ஸ்ட் மூவருக்கும் மரண தண்டனை விதித்தார். அன்றே ஷ்டாடல்ஹைம் சிறையில் தலை துண்டித்தார்கள். ப்ரோப்ஸ்டுக்கு வயது 23, மூன்று குழந்தைகள்.