நம்ம குடும்பம் ❤️ குழு

கவிதா: காலையிலேர்ந்து கண்ணு முன்னாடி பொட்டுப் பொட்டா மின்னுது. டிவில எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. கண்ணாடி பவர் மாறியிருக்குமோ?

பெரியம்மா: ராத்திரி பூரா போன் பாத்தா அப்படித்தான்டி. கண்ணை மூடிப் படு.

சுதா அண்ணி: இருங்க பெரியம்மா. கவி, தலைவலி இருக்கா? கர்ப்பம் இப்ப எத்தனாவது வாரம்?

கவிதா: 34 அண்ணி. நேத்துலேர்ந்து தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மாத்திரைக்கும் கேக்கல. விரல் வீங்கி மோதிரம் கழட்ட வரல.

சுதா அண்ணி: பிபி மெஷினை எடு. முதுகு சாஞ்சு உக்காந்து, காலைத் தரையில ஊணி, கையை நெஞ்சு உயரத்துல வச்சுப் பாரு. பேசாத.

கவிதா: 164/112

சுதா அண்ணி: கிளம்பு. பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரிக்கு, இப்பவே. கண் டாக்டர்கிட்ட இல்ல. 140/90 வந்தாலே கர்ப்பத்துல அதிகம்தான், 160/110 தாண்டினா அவசரம்.

பிரபு: இன்னொரு தடவை அளந்து பாக்கவா அக்கா?

சுதா அண்ணி: அங்க அளப்பாங்க பிரபு, வண்டியை எடுங்க. போனதும் வரிசையில உக்காராதீங்க. "34 வாரம், பிபி 164/112, தலைவலி, கண்ணு மின்னுது"ன்னு நேரா நர்ஸ்கிட்ட சொல்லுங்க.

பெரியம்மா: பிபிக்கும் கண்ணுக்கும் என்னம்மா சம்பந்தம்? பயமா இருக்கு.

சுதா அண்ணி: பிபி ஏறினா விழித்திரையில இருக்குற சின்ன ரத்தக்குழாய் சுருங்கிடும் பெரியம்மா. சிலருக்கு விழித்திரைக்கு அடியில நீர் கோத்து அதைத் தூக்கிடும். இன்னும் சிலருக்குக் கண்ணுல கோளாறே இருக்காது, மூளையோட பின்பக்கம் பார்வைக்கான இடம் வீங்கிடும். அப்படி ஒரு பொண்ணை எங்க வார்டுல பாத்திருக்கேன். டார்ச் அடிச்சா கண்மணி சுருங்குது, எதிர்ல நிக்கிற புருஷன் தெரியல. பிரசவமாகி ரெண்டு மூணு நாள்ல பார்வை வந்துடுச்சு. பெரும்பாலும் திரும்பிடும், விழித்திரை விலகியிருந்தா சில வாரம் ஆகும். எனக்குப் பயமெல்லாம் வலிப்பு வந்துடக் கூடாதேன்னுதான்.

பிரபு: அட்மிட் பண்ணிட்டாங்க. யூரின்ல புரதம் இருக்காம். லேபட்டலால் ஊசி போட்டு பிபி 148/96க்கு வந்திருக்கு. மெக்னீசியம் ஏறுது, உடம்பெல்லாம் சூடா இருக்குங்கறா.

சுதா அண்ணி: மெக்னீசியத்துக்கு அப்படித்தான் இருக்கும், வலிப்பு வராமத் தடுக்கத்தான் அது. மூச்சு விடக் கஷ்டம்னாலோ, ரொம்ப அசந்து போனாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.

சித்தி: குழந்தை பிறந்துட்டா சரியாயிடுமா சுதா?

சுதா அண்ணி: உடனே இல்ல சித்தி. பிறந்தப்புறம் முதல் வாரத்துலயும் பிபி எகிறும், 6 வாரம் வரைக்கும் கவனிக்கணும். டிஸ்சார்ஜ் ஆனாலும் மெஷின் கவி கட்டில் பக்கத்துலயே இருக்கட்டும். பிரபு, குழந்தையோட இதயத்துடிப்பு பாத்தாங்களா?

பிரபு: பாத்தாங்க அக்கா, நல்லா இருக்காம்.