விரல் நாண் அறுந்த தச்சரைத் திரும்ப வேலைக்கு எடுக்கிறது எப்படி?

சுன்னாகம்_பட்டறை:
எங்கட தச்சர் ஒருத்தருக்கு வட்ட வாளில வலக்கையின்ர ரண்டு விரல் நாணும் (தசையை எலும்போட இணைக்கிற நார்) அறுந்து, யாழ் போதனா ஆஸ்பத்திரியில தைச்சது. இப்ப 9 கிழமை. கிளினிக் துண்டில "இலகு வேலை" எண்டு மட்டும் கிடக்கு. பட்டறையில 18 பேர். முழுக்கச் சுகமாகட்டும் எண்டு விடுறதோ, இப்பவே கூப்பிடுறதோ?

பிசியோ_கொக்குவில்:
இப்பவே கூப்பிடுங்கோ. வீட்டில இருக்கிற காலம் நீள நீள ஆள் திரும்பிற வாய்ப்புக் குறையும். காயம் எவ்வளவு பெரிசு எண்டது மட்டுமில்லை, முதலாளி தொடர்பில இருக்கிறாரோ, வேலையை மாத்திக் குடுக்கிறாரோ எண்டதும் கனபேருக்கு முடிவைத் தீர்மானிக்குது.

அந்தத் துண்டால பிரயோசனம் இல்லை. டொக்டருக்கு உங்கட பட்டறை தெரியாதே. ஒரு தாளில வேலைகளை எழுதிக் குடுத்துவிடுங்கோ: பலகை எத்தனை கிலோ, சீவுளி எவ்வளவு நேரம், பொலிஷ், அளவெடுக்கிறது. ஒவ்வொண்டுக்கும் நேரே "ஓம், இல்லை, எந்தக் கிழமையில இருந்து" எண்டு அவர் குறிக்கட்டும்.

தைச்ச நாண் பொதுவா 12 கிழமை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிறதைத் தாங்காது. சுத்தியல், கிளாம்ப், பாரம் தூக்கிறது, இதுகளில திரும்ப அறும். அதுவரைக்கும் அளவு, கணக்கு. நாளுக்கு 3 மணித்தியாலத்தில துவங்குங்கோ. அடுத்த நாள் காலமை வீக்கம் வத்தியிருந்தால் கூட்டலாம், வத்தாட்டில் குறையுங்கோ. பயிற்சிக்குப் போற நாளுக்குச் சம்பளம் வெட்டாதேங்கோ. வெட்டினால் போகமாட்டார், விரல் மடங்காமல் இறுகிப்போகும்.

மேசன்_தச்சு:
விரல் நுனி விறைப்போ எண்டு கேளுங்கோ. உணர்வு நரம்பும் அறுந்திருந்தால் சூடு, கூர் ஒண்டும் தெரியாது. துவக்கத்தில அந்த வாளடிக்கு விடவேண்டாம். கையுறை போட்டு விடுவம் எண்டும் நினைக்காதேங்கோ, சுத்திற பல்லு துணியைப் பிடிச்சுக் கையையும் சேர்த்து இழுக்கும். மூடியும் தள்ளுகட்டையும்தான் வேணும்.

மற்றப் பெடியளுக்கு எத்தனை கிழமைக்கு இந்த ஒழுங்கு எண்டு சொல்லிவையுங்கோ, இல்லாட்டில் "அவருக்கு மட்டும் சொகுசு" எண்டு துவங்கிடுவாங்கள்.

தொழிற்சட்டம்:
வேலைக்கு வந்தால் நட்டஈடு போய்விடும் என்ற பயத்தில் வீட்டிலேயே இருப்பவர்கள் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கோரும் உரிமை, வேலைக்குத் திரும்பியதால் அற்றுப்போகாது. அதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடம் என்பதால் வேலைநீக்கம் பற்றிய 1971இன் 45ஆம் இலக்கச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும்: "இனி இவரால் ஏலாது" என்று நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும்.

சுன்னாகம்_பட்டறை:
மூடி கழட்டித்தான் கிடக்கு. தடிச்ச பலகை போகாதாம்.

மேசன்_தச்சு:
ஏத்தி இறக்கக்கூடிய மூடி வாங்குங்கோ. வாளுக்குப் பின்னால பிளவுத் தகடும் வேணும். அது இல்லாட்டில் வெட்டின பலகை நெருங்கி வாளைப் பிடிக்கும், பலகை ஆளை நோக்கி எறிபடும்.