பல இனங்கள் வாழும் நாட்டில் முறைசாரா வேலை ஏன் அதிகம்?

கேள்வி:
ஒரு நாட்டில் பல இனங்கள் இருந்தால் முறைசாரா வேலையும், அதாவது பதிவோ எழுத்து ஒப்பந்தமோ சட்டப் பாதுகாப்போ இல்லாத வேலையும், கூடும் என்கிறார்களே, உண்மையா? எனக்கென்னவோ இடிக்கிறது.

பதில் 1:
நேரடியாக இல்லை. இனப்பிளவு கூடிய நாடுகளில் பள்ளிக்கல்வியும் அடிப்படை வசதிகளும் பின்தங்குவதை 1997இல் ஈஸ்டர்லி, லெவின் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டும் வரி அடுத்த இனத்துக்குத்தான் போகும் என்று தோன்றிவிட்டால் தொழிலை யார் பதிவு செய்வார்கள்?

பதில் 2:
நான் கட்டட வேலைக்கு ஆள் சேர்ப்பவன். ஒப்பந்தப் பத்திரமெல்லாம் கிடையாது. முன்பணம் வாங்கியவன் ஓடிவிட்டால் அவன் மாமாவைப் பிடிக்கலாம், அதுதான் ஜாமீன். அதனால் சொந்த ஆட்களையே எடுப்போம். மொழி தெரியாதவருக்குச் சுமை தூக்கும் வேலைதான். அநியாயம்தான், ஆனால் நடப்பு இது.

பதில் 3:
சரி, வங்கதேசத்தில் ஏறக்குறைய எல்லாரும் வங்காளிகள். அங்கும் பெரும்பாலான வேலை முறைசாராததே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 2018 கணக்கில் உலக உழைப்பாளர்களில் 60 சதவீதத்துக்கு மேல் அப்படித்தான். இனத்தை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள்.